நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கேக்

போன மாதம் தேனியில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தேன். ஒரு தட்டில் குச்சிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு குச்சியின் உச்சியிலும் எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டை, அதன் மேல் பழுப்பு நிறப் பூச்சு. "கேக் பாப் ஆன்ட்டி, சாப்பிட்டுப் பாருங்க. நம்ம ஊருக்கே புதுசு" என்றாள் தட்டை நீட்டிய பெண். ஒன்று எடுத்துக்கொண்டேன். புதிது என்று அவள் சொன்னதை மறுக்கவில்லை. சாப்பிடப் போன இடத்தில் பிழை திருத்தும் பழக்கத்தை விட்டுப் பல வருடங்களாகின்றன.

உங்களிடம் சொல்லலாம். நாமெல்லாம் பிறந்தநாள் கொண்டாடாத வீடுகளில் வளர்ந்தவர்கள். நம்மில் பாதிப் பேருக்குப் பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் யோசித்துப் போட்ட தேதிதான் பிறந்த தேதி. அந்தக் காலத்தில், கம்பத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் வீட்டு அடுப்படியில், நாற்பது குச்சிகளில் நாற்பது கேக் உருண்டைகள் நின்றன. எனக்கு அப்போது ஒன்பது வயது. செய்தவள் என் சித்தி.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. சித்தப்பா ராணுவத்தில் இருந்தார். தை மாதம் கல்யாணம் முடித்து, லீவு தீர்ந்ததும் ரயிலேறிவிட்டார். சித்தி எங்களோடு தங்கினாள். பிறந்து வளர்ந்தது குமுளிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். அவளுடைய அப்பா மேனேஜர் பங்களாவில் சமையல்காரர். சித்தி பத்தாவது முடித்திருந்தாள். மலையாளம் பேசுவாள், இங்கிலீஷும் பேசுவாள். களை எடுக்கத் தெரியாது. கேழ்வரகுக் களி கிண்டினால் கட்டி கட்டியாக வரும். எங்கள் வீட்டில் தெரியாதவைதான் கணக்கில் வந்தன.

சித்தி எங்களுக்குப் பங்களாக் கதைகள் சொல்வாள். அங்கே படுத்துக்கொண்டே குளிக்கும் அளவுக்குத் தொட்டி உண்டு. கிறிஸ்துமஸ் அன்று கேக்கின் மேல் சாராயத்தை ஊற்றித் தீ வைப்பார்கள், தீ நீலமாக எரியும், கேக்குக்கு ஒன்றும் ஆகாது. தம்பியும் நானும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்போம். தோட்டத்திலிருந்து வந்த அப்பா கால் கழுவியபடி ஒரு நாள் இதைக் கேட்டார்.

"தீ வச்சாலும் எரியாதாம்ல!" என்றார் அம்மாவிடம். "நல்லா அளக்குறா. தம்பி பொண்டாட்டி சொல்றதுல பாதியத் தள்ளிட்டுத்தேன் கேக்கணும்."

அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். கொடிக்கு மயில்துத்தக் கரைசல் அடித்து அடித்து அவருடைய நகங்கள் எப்போதும் நீலமாக இருக்கும். அவர் கெட்டவரில்லை. தன் கண்ணால் பார்க்காததை நம்பாதவர், அவ்வளவுதான். அந்த நீலத் தீ பொய்யில்லை என்று எனக்கு முப்பது வயதில் ஒரு ஓட்டல் விருந்தில் தெரிந்தது. அப்பாவிடம் சொல்ல நினைத்து, சொல்லாமலே விட்டுவிட்டேன்.

அந்த வருடம் கம்பத்தில் ஓர் ஓட்டு வீட்டில் இங்கிலீஷ் பாலர் பள்ளி நடந்தது. தம்பி அங்கே படித்தான். தினமும் காலையில் சித்திதான் அவனைப் பஸ்ஸில் கூட்டிப்போய் விட்டு வருவாள். பள்ளியை நடத்திய அம்மாளைப் பெரிய டீச்சர் என்போம். வாசலில் நின்று சித்தி அவரோடு இங்கிலீஷில் பேசுவாளாம். பங்குனியில் ஒரு நாள் பெரிய டீச்சர், ஜூன் மாதத்திலிருந்து ஒரு டீச்சர் தேவை, நீ வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்.

அன்று சித்தி பஸ்ஸை விட்டு இறங்கி வந்த நடையை நான் பார்த்தேன். செருப்பு தரையில் படவில்லை.

சித்தி அப்பாவிடம் நேராகப் பேச மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அம்மாதான் சொன்னாள்.

"பெரிய டீச்சரு கேட்டாகளாம். இவளுக்குப் போகணும்னு ஆசையா இருக்கு."

"மிலிட்டரிக்காரன் சம்பளம் பத்தாம பொண்டாட்டிய வேலைக்கு அனுப்புறான்னு ஊருக்குள்ள பேசுவாக" என்றார் அப்பா.

"அவரு சரின்னு சொல்லுவாரு" என்றது கதவு.

சித்தப்பாவுக்குக் கடிதம் போட்டோம். அவருடைய பதில் பத்து நாளில் வந்தது. எனக்குச் சம்மதம், அண்ணன் முடிவு எதுவோ அதுவே முடிவு என்று எழுதியிருந்தார். கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தவள் நான். வாசித்து முடித்தபோது அப்பாவின் முகத்தில் தெரிந்தது பெருமை என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், முடிவு முழுக்கத் தன் தலையில் வந்து விழுந்த சங்கடமாகவும் இருந்திருக்கலாம்.

அம்மா இதில் எந்தப் பக்கமும் பேசவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடம் அந்த அடுப்படியை ஒற்றை ஆளாகப் பார்த்தவள் அவள். ஐந்தாறு தோட்டத்து ஆட்களுக்குக் கஞ்சி, இரண்டு மாடு, இரண்டு பிள்ளைகள். சித்தி வந்த பிறகுதான் மத்தியானச் சோற்றை அம்மா உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியிருந்தாள். சித்தி வேலைக்குப் போனால் அந்த உட்காருதல் போய்விடும். ஒன்பது வயதில் எனக்கு இது தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

பள்ளிக்கூடத்தில் வருடக் கடைசி விருந்து வந்தது. நாற்பது பிள்ளைகள், பெற்றோரும் வரலாம். கேக் வெட்ட வேண்டும் என்பது பெரிய டீச்சரின் ஆசை. அதற்கு முந்தைய வருடம் மதுரையிலிருந்து வாங்கி வந்த கேக், ஆண்டிபட்டிக் கணவாய் வளைவுகளில் பஸ் குலுங்கியதில் டப்பாவுக்குள்ளேயே சட்னியாகிவிட்டதாம். "நான் செஞ்சு கொண்டாரேன்" என்று சித்தி சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அப்பாவுக்கு இது ஒரு வழியாகத் தோன்றியிருக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னார், கதவுக்கும் கேட்கும்படி.

"செய்யட்டும். நானும் வர்றேன். கேக்கு கேக்கா வந்துச்சுன்னா அவ சொல்றது நெசம், வேலைக்குப் போகட்டும். வரலைன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்டுரணும்."

அன்று முதல் சித்திக்குத் தூக்கம் குறைந்தது. எனக்கும் குறைந்தது. சித்தி வேலைக்குப் போனால் எனக்கும் இங்கிலீஷ் சொல்லித்தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. வெனிலா எசன்சும் கோகோ பவுடரும் குமுளியில்தான் கிடைத்தன. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் வாங்கி வந்தார். எசன்ஸ் பாட்டில் என் சுண்டு விரல் நீளம். மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பார்க்க எனக்கும் தம்பிக்கும் அனுமதி கிடைத்தது. மைதாவைப் பார்த்து அம்மா, "புரோட்டா மாவுல என்னத்த பண்ணப் போறா இவ?" என்றாள். வெண்ணெய் மட்டும் வீட்டிலேயே எடுத்தது.

அந்த வீட்டில் கேக் சுடும் ஓவன் ஏது? சித்தி பெரிய பித்தளை அண்டாவில் பாதிக்கு ஆற்று மணலைக் கொட்டினாள். மணலை நான்தான் சல்லடையில் சலித்தேன். விறகடுப்பில் அண்டாவை ஏற்றி, மணல் நன்றாகச் சூடானதும் இரண்டு பிஸ்கட் டின்களில் மாவை ஊற்றி அதன் மேல் வைத்தாள். அண்டாவைத் தாம்பாளத்தால் மூடி, தாம்பாளத்தின் மேல் கங்குகளைப் பரப்பினாள். அடியிலும் சூடு, மேலும் சூடு. அவளுடைய அப்பா பங்களாவில் அடுப்பு கெட்டுப்போன நாட்களில் இப்படித்தான் செய்வாராம்.

விருந்து மாலை நான்கு மணிக்கு. காலை ஒன்பது மணிக்கு டின்கள் அண்டாவுக்குள் போய்விட்டன. கொஞ்ச நேரத்தில் வெனிலா வாசம் அடுப்படியை விட்டு வெளியேறித் தெருவுக்குப் போனது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னா, ஐஸ் கம்பெனி வச்சிருக்கீகளா?" என்று கேட்டார்.

"பாப்பா, நீ இங்கன உக்காரு" என்றாள் சித்தி. "ஒரு மணி நேரத்துக்கு யாரும் மூடியத் தொறக்கக் கூடாது. நான் குளிச்சிட்டு ஓடி வந்துர்றேன்."

மணை போட்டு உட்கார்ந்தேன். காவல்காரி.

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தாள். அண்டாவைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், மறுபடி அண்டாவைப் பார்த்தாள்.

"என்னடி இது, ஒரு பொட்டு ஆவி வரலையே?"

"ஆவி வராதாம்மா. சித்தி தெறக்கக் கூடாதுன்னு சொன்னாக."

"ஆவி வராம எப்படிடி வேகும்? தண்ணி வத்திப்போச்சு. அண்டா அடி ஓட்டையாப் போனா உங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"

துணியைச் சுற்றிக் கங்குத் தட்டைத் தூக்கிக் கீழே வைத்தாள். உள்ளே இரண்டு கேக்குகளும் விளிம்புக்கு மேலே உப்பி, லேசாகப் பழுத்து நின்றன. நான் பார்த்தேன். அந்த நிலையில் அவற்றைப் பார்த்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். அம்மா இட்லிச் சட்டிக்கு ஊற்றுவதைப் போலவே, டின்களைச் சுற்றி ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். மணல் சீறியது. ஆவி கூரை வரைக்கும் போனது. இப்போது திருப்தியாகத் தலையாட்டி, தட்டை மூடிக் கங்குகளைச் சரிசெய்தாள். இட்லிச் சட்டியில் வேகும் எதற்கும் தண்ணீர் வேண்டும். தண்ணீரே இல்லாமல் சட்டிக்குள் ஒன்று வெந்து நம் ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்?

சித்தி தலையில் துண்டோடு வந்தாள். நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். வெனிலா வாசம் போய், முதல் மழை விழுந்த மண்ணின் வாசம் அடுப்படியில் நின்றது.

"மூடிய யாரும் தொறக்கலையே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"தெறக்கல" என்றாள் அம்மா. ஆட்டுக்கல்லுக்கு முன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

சித்தி தட்டை எடுத்தாள். கேக்குகள் நடுவில் கிணறு போல இறங்கியிருந்தன. விரலை மணலில் வைத்துப் பார்த்தாள். விரலில் ஈர மணல் ஒட்டியது. அதை முந்தானையில் துடைத்தாள். என்னைப் பார்த்தாள், அம்மாவின் முதுகைப் பார்த்தாள். "சரிக்கா" என்றாள், அவ்வளவுதான்.

டின்னைக் கவிழ்த்தபோது ஓரங்கள் உடைந்து தூளாக விழுந்தன. நடுப்பகுதி கொழகொழவென்று இருந்தது. வேறு முட்டை இல்லை, வெண்ணெய் கொஞ்சம்தான் மிச்சம், நேரமும் இல்லை. தாம்பாளம் நிறைய அந்தச் சிதைவை வைத்துக்கொண்டு சித்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று காத்திருந்தேன். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்றாள்.

"ருசி போகல" என்றாள். பிறகு, "பாப்பா, ஐஸ்காரர் எத்தன மணிக்கு வருவாரு?"

பங்களாவில் மேனேஜரின் பிள்ளைகளுக்கு அவளுடைய அப்பா ஆப்பிளைக் குச்சியில் குத்தி, சர்க்கரைப் பாகில் முக்கிக் கொடுப்பாராம். ஆப்பிளுக்கு எங்கே போவது, கேக்கையே உருட்டிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

ஐஸ்காரர் பதினொரு மணிக்கு வந்தார். நான் தெருமுனைக்கு ஓடி, புதுக் குச்சி நாற்பது வேண்டும் என்றேன்.

"ஐஸ் இல்லாத வெறும் குச்சிய வாங்கி என்ன செய்வ ஆத்தா? நக்குவியா?"

"கேக்குக்கு."

"கேக்குக்கா? வேப்பம்பழத்துல குத்தி விளையாடத்தேன் கேக்குறன்னு நெனச்சேன்."

ஐஸ் கம்பெனியில் கொடுக்கச் சொல்லி யாரோ கொடுத்துவிட்ட குச்சிக் கட்டு அவருடைய சைக்கிள் பையில் இருந்தது. ஒரு முறம் பன்னீர் திராட்சைக்கு அதிலிருந்து நாற்பதை எண்ணிக் கொடுத்தார். மூன்று குச்சிகளை அதிகமாகவும் வைத்தார், உடைந்தால் இருக்கட்டும் என்று.

சித்தி காய்ந்த தூளையும் கொழகொழத்த நடுப்பகுதியையும் ஒன்றாகப் பிசைந்தாள். சுண்டக் காய்ச்சிய பாலில் சர்க்கரை போட்டுச் சேர்த்தாள். கேக்கைக் கெடுத்த அதே ஈரம் இப்போது உருட்ட உதவியது. ஆனால் அவளுக்கு உருட்ட வரவில்லை. ஒன்று நெல்லிக்காய் அளவில் வந்தால் அடுத்தது கொய்யாக்காய் அளவில் வந்தது. மணி பன்னிரண்டு.

ஆட்டுக்கல் நின்றது. அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, யாரும் கூப்பிடாமலே தாம்பாளத்தின் எதிரில் உட்கார்ந்தாள். எள்ளுருண்டையும் கொழுக்கட்டையும் பிடித்துப் பழகிய கை. பார்க்காமலே உருட்டினாள். ஒவ்வொன்றும் ஒரே அளவு. சித்தி பிடித்திருந்தவற்றையும் உதிர்த்து மறுபடி பிடித்தாள். கோகோவையும் சர்க்கரையையும் மிச்ச வெண்ணெயையும் காய்ச்சி, சித்தி ஒவ்வோர் உருண்டையையும் முக்கி எடுத்தாள். முக்கியதை எங்கே நிறுத்துவது என்று திகைத்தபோது, அம்மா கொல்லைக்குப் போய் வாழைத்தண்டில் முழ நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டிக்கொண்டு வந்தாள். ஊதுபத்தி குத்துவது போலக் குச்சிகளை அதில் குத்தினோம். நாற்பது தலைகள் நிமிர்ந்து நின்றன. பூச்சு காய்ந்து பளபளத்தது.

மூன்று மணி பஸ்ஸில் ஆளுக்கொரு வாழைத்தண்டை மடியில் வைத்துக்கொண்டு சித்தியும் அம்மாவும் உட்கார்ந்தார்கள். "என்னக்கா, சாமி ஊர்வலமா? ஓரமா நகந்து உக்காருங்க, சப்பரம் இடிக்கப் போகுது" என்றார் கண்டக்டர். அம்மா சிரிக்கவில்லை. அம்மா சிரிக்காமல் விட்ட பகடி என் நினைவில் அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் கலர்த்தாள் கட்டியிருந்தார்கள். மேசையில் கேக் வெட்டக் கத்தி தயாராக இருந்தது. பெரிய டீச்சர் வாழைத்தண்டுகளைப் பார்த்து, கத்தியைப் பார்த்தார்.

"கேக்னுல்லம்மா சொன்ன?"

"உள்ள கேக்தான் டீச்சர். பிள்ளைங்க கையில பிடிச்சுச் சாப்பிடட்டும்னு…" என்ற சித்தியின் குரல் பாதியில் நின்றது.

பிள்ளைகள் காத்திருக்கவில்லை. ஆளுக்கொரு குச்சி போனது. சற்று நேரம் அந்த ஓட்டு வீட்டில் நாற்பது பிள்ளைகள் இருந்ததற்கான சத்தமே இல்லை. ஒரு பையன் வெறும் குச்சியைக் கொண்டுவந்து, "இது மறுபடி முளைக்குமா மிஸ்?" என்று சித்தியிடம் கேட்டான். அவளை மிஸ் என்று முதலில் கூப்பிட்டவன் அவன்தான். பெரிய டீச்சர் தம்பியின் குச்சியிலிருந்து ஒரு கடி வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே!" என்றார். பெற்றோரில் சிலர் எப்படிச் செய்தது என்று கேட்டார்கள்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். தம்பி பாதி தின்று கொடுத்த குச்சியை நீல நகங்களுக்கு நடுவில் பிடித்து, திராட்சைக் குலையில் பூச்சி தேடுவது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வாய் கடித்தார். முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவர் நேர்மையானவர். சொன்ன நிபந்தனை நிபந்தனைதான்.

"ருசி நல்லாத்தேன் இருக்கு. இல்லேங்கல. ஆனா இது உருண்டைல்ல? கேக்கு எங்கத்தா?"

சித்தியிடம் அவர் நேராகப் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை. சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்கு வரல. உடஞ்சுபோச்சு, உருட்டிட்ட. அப்படித்தான?"

"ஆமா" என்றாள் சித்தி.

இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மணலின் ஈரம் அவள் விரலில் ஒட்டியதை நான் பார்த்திருந்தேன். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பெரிய டீச்சர் அப்பாவையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி விடு" என்று அப்பா திரும்பினார். "வீட்டுல போயிப் பேசிக்கிருவோம்."

"அவ சரியாத்தேன் செஞ்சா."

அம்மா. காலியான வாழைத்தண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரிய டீச்சர், பெற்றோர், பிள்ளைகள், எல்லோருக்கும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"நல்லா உப்பி வந்துச்சு. நாந்தேன் மூடியத் தெறந்து தண்ணிய ஊத்தினேன். இட்லிச் சட்டின்னு நெனச்சு ஊத்திட்டேன். கேட்டதுக்குத் தெறக்கலைன்னும் சொன்னேன். எம்மேலதேன் தப்பு. இந்தா, இவ பாத்துக்கிட்டுத்தேன் இருந்தா, கேளுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

கல்யாணமான நாளிலிருந்து அம்மா நாலு பேர் முன்னால் அப்பாவை எதிர்த்து எதுவும் பேசியதில்லை. தன் தப்பை ஒத்துக்கொண்டதும் இல்லை, அதற்கு அவசியமும் வந்ததில்லை. அன்று இரண்டையும் ஒரே மூச்சில் செய்தாள். அந்த வார்த்தைகள் அவளுக்கு என்ன விலை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்பா குச்சியில் மீதி இருந்ததை வாயில் போட்டு மெதுவாக மென்றார். விழுங்கினார். பிறகு பெரிய டீச்சரைப் பார்த்துக் கேட்டார்: "ஸ்கூலு காலையில எத்தன மணிக்குங்க?"

சித்தி கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். நான் பத்திரிகையில் வாழ்க்கையை ஓட்டியது அவள் சொல்லிக்கொடுத்த எழுத்தை வைத்துத்தான். அதற்கான நன்றியை அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் நன்றி சொல்வதற்குப் பதிலாக ஒருமுறை கேள்வி கேட்டேன், என் தொழில் புத்தி. நிஜமாகவே இட்லிச் சட்டி என்று நினைத்தாயா, இல்லை அந்தக் கேக் கெடட்டும் என்று உள்ளே ஓர் ஓரத்தில் இருந்ததா என்று. அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். "அதான் சொல்லிட்டேன்ல" என்றாள். எப்போது, எதைச் சொன்னாள் என்று நான் மேலும் துருவவில்லை.

அந்த ஜூன் மாதத்தில் சித்தி வேலைக்குப் போன முதல் நாள் மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. அம்மா வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே எழுந்து, கஞ்சி காய்ச்சி, மாடு கறந்து, இரண்டு பேர் வேலையையும் முடித்திருந்தாள். சித்தி கண்ணாடி முன் நின்று புடவை மடிப்பை மூன்றாம் தடவையாக எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா தூக்குச் சட்டியை அவள் கையில் திணித்து, தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள்.

"அழகுக்கு ஒரு கொறச்சலும் இல்ல தாயி. பஸ்ஸு போயிரும், ஓடு."